ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், எத்தனை பாடத்திட்டம்?

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? வைத்தால் எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது? பெரியவனுக்கு ஒன்றிலே நாட்டம், சின்னவளுக்கு வேற ஒன்றிலே. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே செட் புத்தகம் வாங்கினா போதுமா?"

என்னைக் கல்வியாளன் என்று எண்ணி அவர்கள் கேட்பதில்லை. படாபஜாரில் நாற்பது ஆண்டுகளாக ஆரணிப் பட்டு விற்கும் வியாபாரி நான். பழைய பதினோராம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு படித்ததெல்லாம் கடை சாத்திய பின் இரவில் படித்தவை. ஆனால் என் மகளின் பிள்ளைகள் இருவர் மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்பதும், தமிழும் கணக்கும் அவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன் என்பதும் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. மருமகனுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை. ராய்ப்பூரில் இரண்டாம் மொழி இந்தி, விசாகப்பட்டினத்தில் தெலுங்கு, இங்கே வங்காளம். ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் அகரத்திலிருந்து தொடங்கினார்கள். எந்த ஊர்ப் பள்ளியிலும் தமிழ் இல்லை. கடைசியில் மகளும் மருமகனும் வீட்டுக்கல்வி என்று முடிவு செய்தார்கள்.

இதை விசித்திரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே பாதி வீட்டுப்பள்ளிதான். கணக்கையும் அறிவியலையும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். தமிழைப் பார்த்துக்கொள்ள அம்மாவையும் பாட்டியையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நாட்டம் வேறுபட்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வீட்டில் எதை, எப்படிச் சொல்லித் தருவது?

ஜோராசாங்கோ காட்டும் பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. என் கடையிலிருந்து ரவீந்திர சரணி வழியாக நடந்து போகும் தூரத்தில் ஜோராசாங்கோ தாகூர் மாளிகை இருக்கிறது. இன்று அது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இந்தியாவின் மிகப் பெரிய வீட்டுக்கல்விச் சோதனைகளில் ஒன்று நடந்த இடம் அது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரவீந்திரநாதர் (பிறப்பு 1861) பள்ளிகளுக்குப் போகாமல் இல்லை. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ் என்று மாறி மாறிப் போனார். எதிலும் ஒட்டவில்லை. உண்மையான படிப்பு வீட்டில் நடந்தது. அதை நடத்தியவர் மூன்றாவது அண்ணன் ஹேமேந்திரநாதர். தம்பி ரவி, அவருக்கு நேர்மூத்த சோமேந்திரநாதர், அக்காள் மகன் சத்யபிரசாத் ஆகிய மூன்று சிறுவருக்கும் ஒரே அட்டவணை. பொழுது விடியுமுன் ஒற்றைக்கண் பயில்வானிடம் மல்யுத்தம். உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்ததும் மருத்துவ மாணவர் ஒருவரிடம் மனித எலும்புகளின் பெயர்கள். பிறகு கணக்கு, அறிவியல். அப்புறம் பள்ளி. திரும்பி வந்தால் உடற்பயிற்சி, ஓவியம். விளக்கேற்றிய பின் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை பாட்டு. 1912-இல் நூலாக வந்த 'ஜீவன்ஸ்மிருதி'யில் ரவீந்திரரே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். மாலை ஆங்கில வகுப்பில் தூக்கம் கண்ணைச் சுழற்றிய கதையை அவர் சொல்வதைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது.

நாம் பார்க்க வேண்டியது இதுதான். மூவருக்கும் ஒரே ஆசிரியர்கள், ஒரே புத்தகங்கள், ஒரே நேரம். விளைச்சல் மட்டும் ஒன்றாக இல்லை. அட்டவணை எவ்வளவு நிறைவாக இருந்தாலும், அது பிள்ளையைத் தயாரித்துக் கொடுத்துவிடாது. ஒரே பீஸ் துணியில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தைக்கலாம். ஒரே அளவில் தைக்க முடியாது.

ஆனால் ஹேமேந்திரநாதர் செய்த ஒரு காரியத்தை ரவீந்திரர் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைத்தார். சுற்றியிருந்த வீடுகளெல்லாம் ஆங்கிலத்தில் தொடங்கிய காலத்தில், அண்ணன் தாய்மொழியான வங்காளத்தில் அடித்தளம் போட்டார். கணக்கும் அறிவியலும் முதலில் வங்காளத்தில்தான். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வருகிறேன்.

ஒரே அட்டவணை ஒத்துவரவில்லை என்றானபோது என்ன செய்தார்கள் என்பதும் அந்த நூலிலேயே இருக்கிறது. ஞானசந்திர பட்டாச்சாரியர் என்ற வீட்டு ஆசிரியர், இந்தப் பையனைப் பள்ளிப் பாடத்தில் கட்டிவைக்க இயலாது என்று கண்டுகொண்டார். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, காளிதாசரின் 'குமாரசம்பவ'த்தையும் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தையும் எடுத்தார். மாக்பெத்தில் ஒரு பகுதியை விளக்குவார். அதைப் பையன் வங்காளச் செய்யுளாக மொழிபெயர்த்து முடிக்கும் வரை அறையில் அடைத்துவைப்பார். அடைத்துவைப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் ஆங்கிலம் என்ற பாடத்தை அவர் கைவிடவில்லை, போகும் பாதையைத்தான் மாற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1873-இல் தந்தை தேவேந்திரநாதர் மகனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். சமஸ்கிருதமும் ஆங்கிலமும் அவரே சொல்லிக்கொடுத்தார். இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் சொன்னார். அதற்கு முன் போல்பூரில் தங்கியபோது, கையில் சில்லறை கொடுத்து அதற்குக் கணக்கு வைக்கச் சொன்னார். தம் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். வியாபாரி என்பதால் எனக்கு வானியலைவிட அந்தச் சில்லறைக் கணக்குதான் மனத்தில் நிற்கிறது. பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொறுப்பை நம்பிக் கொடுப்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியே.

ஹேமேந்திரநாதரின் சொந்தப் பிள்ளைகள் கதை இன்னும் சுவையானது. மூத்த மகள் பிரதிபாவுக்கு இசையில் நாட்டம். வீட்டிலேயே இந்திய இசையும் மேலை இசையும் கற்றார். 1881-இல் 'வால்மீகி பிரதிபா' நாடகத்தில் சரசுவதியாக நடித்தார். பிற்காலத்தில் இந்நகரில் சங்கீத சங்கம் என்ற இசைப்பள்ளியை ஏற்படுத்தினார். இன்னொரு மகள் பிரக்ஞாசுந்தரிக்குச் சமையல்தான் கலை. 1900-ஐ ஒட்டி அவர் எழுதி வெளியிட்ட 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' வங்காளச் சமையல் நூல்களில் முன்னோடி. (நிராமிஷ் பகுதி மட்டும் எங்கள் வீட்டுக்கு உதவும்; ஆமிஷ் பகுதியை மகள் புரட்டுவதில்லை.) ஒரே தகப்பனார், ஒரே கூரை, ஒரு மகளுக்கு இசை, ஒரு மகளுக்கு அடுக்களை. இருவருக்கும் பொது, எழுத்துப் பயிற்சியும் தாய்மொழியும்.

பவணந்தியார் வரிசையும் என் மாறுபாடும்

நாட்டம் வேறு, கற்கும் விதம் வேறு. இரண்டையும் பெற்றோர் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். கற்கும் விதத்தைப் பற்றி நம் தமிழிலேயே ஒரு பழைய அட்டவணை இருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைப்படுத்துகிறார். முனிவர் சமணர், அதனால் எனக்குப் பாசம் கொஞ்சம் அதிகம் என்று வாசகர் நினைத்தால் மறுக்கமாட்டேன்.

அன்னமும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டவருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைப்பட்டவருக்கு. அன்னம் நல்லதைப் பிரித்து எடுக்கும். பசு கிடைத்ததை வயிறார மேய்ந்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து அசைபோடும். மண், உழைத்த அளவுக்கு விளைச்சல் தரும். கிளி, சொன்னதைத் திருப்பிச் சொல்லும். ஓட்டைக் குடத்தில் எதுவும் தங்காது. ஆடு ஒரு செடியில் ஒரு வாய், அடுத்த செடியில் ஒரு வாய் என்று போய்க்கொண்டே இருக்கும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்ளும்.

என் பேரன் பசு. ரயில் என்றால் ரயில்தான். காலஅட்டவணையைக் கையில் எடுத்தால் ஒரு வாரம் அதையே அசைபோடுவான். பேத்தியோ ஆடு. ஒரு மாதம் கோலம், மறு மாதம் ரவீந்திர சங்கீதம், அடுத்த மாதம் மாடித் தொட்டியில் நத்தை வளர்ப்பு. பவணந்தியார் கணக்கில் அவள் கடை மாணாக்கி.

இந்த இடத்தில் முனிவரோடு நான் பணிவுடன் மாறுபடுகிறேன். அவர் இலக்கணம் கற்க வந்த வளர்ந்த மாணவர்களை மனத்தில் வைத்து வரிசைப்படுத்தினார். பத்து வயதுப் பிள்ளை ஆடாக இருப்பதில் குற்றமில்லை. எந்தச் செடி தனக்குப் பிடிக்கும் என்று மேய்ந்து பார்த்தால்தானே தெரியும். ஆனால் பெற்றோருக்கு இதில் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. பசுவான பிள்ளைக்கு ஓராண்டுப் பாடத்தொகுப்பை மொத்தமாக வாங்கலாம். ஆடான பிள்ளைக்கு வாங்கினால் மூன்றாம் மாதமே அது அலமாரியில் தூங்கும். வெளிநாட்டு நிறுவனங்களின் வீட்டுக்கல்விப் பெட்டிகள் பல ஆயிரம் ரூபாய் ஆகின்றன. அந்தப் பணத்தை ஆட்டுப் பிள்ளைக்காகக் கொட்டவேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் விலையில்லாமல் கிடைக்கின்றன. மாதாமாதம் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

எது பொது, எது தனி

எங்கள் வீட்டில் மகளும் நானும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளைக்குப் பிள்ளை முழுப் பாடத்திட்டத்தையும் மாற்றுவதில்லை. அப்படி மாற்றினால் தாய்க்கு இரண்டு பள்ளிக்கூடம் நடத்துகிற வேலை; ஆறு மாதத்தில் உடம்பு படுத்துவிடும். தமிழ், கணக்கு, ஆங்கிலம், கதவைத் திறந்தால் தேவைப்படும் வங்காளம் ஆகிய நான்கும் இருவருக்கும் பொது. அவை போய்ச் சேரும் பாதை அவரவருடையது. ஞானசந்திரர் செய்த வேலைதான்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். பேத்திக்குப் பெருக்கல் வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி. ஒருநாள் அவள் பாட்டி, 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1 என்று புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டேன். எண்ணி 25 என்றாள். முதல் நான்கு வரிசை மட்டும்? 16. மீதி மூன்று வரிசை? 9. நான்கு நாலு 16, மும்மூன்று 9. ஒற்றைப்படை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண் வரும் என்பதை நான் சொல்லவில்லை. 9 வரிசை, 11 வரிசை என்று போட்டுப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் லட்சுமி பூஜைக்கு ஆல்பனா போடுவதைப் பார்த்து, "தாத்தா, இதுல புள்ளியே இல்லையே, கணக்கு எப்படி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆல்பனாவைப் பற்றி அவனீந்திரநாத் தாகூர் 1919-இல் எழுதிய 'பாங்லார் பிரதா' என்ற நூலை வங்காளத்தில் படிக்க இப்போது முயல்கிறாள், எழுத்துக் கூட்டித்தான். ஆனாலும் ஒரே கோலத்தில் கணக்கும் வங்காளமும் வந்துவிட்டன.

பேரனுக்கு அதே கணக்கு ரயில் வழியாக. ஹௌராவிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,660 கிலோமீட்டர். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது, நிற்கும் நேரத்தைக் கழித்தால் வேகம் என்ன, இவையெல்லாம் அவனுக்கு விளையாட்டு. குருசதய் சாலையிலுள்ள பிர்லா தொழில் அருங்காட்சியகத்துக்கு மாதம் ஒருமுறை அழைத்துப்போனால் போதும். இயற்பியலுக்குத் தனி ஆசிரியர் தேவைப்படவில்லை. 1959-இல் திறந்த அந்த இடத்தை நம்மவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் நெருக்கடி. கணக்கிலோ ஆங்கிலத்திலோ பிள்ளை பின்தங்கினால் ஒரு தேர்வு வந்து காட்டிக்கொடுக்கும். வெளிமாநிலத்தில் தமிழுக்குத் தேர்வு கிடையாது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டுமே அது நிற்கும். மற்றப் பாடங்களில் நாட்டத்தைப் பார்ப்பது வசதிக்காக. தமிழில் அதைப் பார்க்காவிட்டால் பாடமே இல்லாமல் போய்விடும். ஒரே அரிச்சுவடியை இருவர் தலையிலும் கட்டினால் இருவருமே ஓடிவிடுவார்கள்.

வங்காள எழுத்தை முதலில் கற்ற பிள்ளைக்குத் தமிழில் சில இடங்களில் தட்டும். அங்கே க வரிசையில் நான்கு எழுத்து, நமக்கு ஒன்றுதான். "கல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் ஒரே 'க', ஆனால் மூன்று ஒலி. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்று அடக்காதீர்கள். சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் வந்தால் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் ஒன்று என்று விதியைச் சொல்லுங்கள். பேரன் விதி தெரிந்ததும் தெளிந்தான். பேத்திக்கு விதி வேண்டாம், பாட்டில் வந்தால் போதும். வங்காளப் பேச்சில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. அதனால் "படம்", "பாடம்" மயக்கம் இருவருக்கும் நீண்ட நாள் இருந்தது. ழகரம் இன்னும் இருக்கிறது.

பேரன் தமிழ் எழுத்தை நிலையப் பெயர்ப்பலகையில் கற்றான். ஊருக்குப் போகையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பலகையில் வங்காளம் போய் ஒடியா வரும், ஒடியா போய்த் தெலுங்கு வரும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வண்டி நுழைந்ததும் தமிழ் வரும். அவனுக்கு அது ஒரு பந்தயம். இப்போது ஆரணி நெசவாளர்கள் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பும் சேதிகளையும், கைப்பட எழுதிய பில்லின் படங்களையும் அவன்தான் படித்துச் சொல்கிறான். "தாத்தா, ஜரிகை விலை ஏறிடுச்சாம்" என்று அவன் சொன்ன அன்று எனக்கு விலை ஏறிய வருத்தமே இல்லை. பேத்திக்குப் பாட்டியின் சமையல் குறிப்பும் கோலத்தின் பெயர்களும்தான் வாசகம். முறையான படிப்பு வேண்டும் என்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. மழலைக் கல்வியிலிருந்து படிப்படியாகப் பாடங்கள் வைத்திருக்கிறது. பெரியவர்கள் அலிப்பூர் தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவையும் மறந்துவிட வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு வகுப்பறை

பேசத் தெரிந்தும் எழுத்துத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் நமக்கு மட்டும் வாய்த்தவர்கள் அல்லர். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் காலன்பாக் வழங்கிய நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம். குஜராத்திப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். தமிழ்ப் பிள்ளைகள் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தே தெரியாது. காந்தி தாமே ஜி.யு.போப்பின் தமிழ்க் கையேட்டைப் படித்துக்கொண்டு அவர்களுக்கு எழுத்தும் எளிய இலக்கணமும் கற்பித்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை எளிதாகத் தோற்கடிப்பார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தமிழ் நன்றாகத் தெரியாத ஒருவர் தமிழ் கற்பித்தார் என்பதை, "எனக்கே எழுத வராது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தயங்கும் இளம் தாய்மார்களுக்காக இங்கே குறிக்கிறேன்.

ஆனால் அதே காந்தி தம் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்க வைத்தவர். போதிய நேரம் ஒதுக்க முடியவில்லை. முறையான படிப்பு கிடைக்கவில்லையே என்ற குறை பிள்ளைகளுக்கு இருந்ததைச் சுயசரிதையில் மறைக்காமல் சொல்கிறார். மூத்த மகன் ஹரிலாலின் மனக்கசப்பு ஊரறிந்தது. தகப்பனாரின் கொள்கை தகப்பனாருடையது. சான்றிதழ் இல்லாமல் உலகில் நிற்க வேண்டியவன் பிள்ளை. வீட்டுக்கல்வியில் இறங்குமுன் வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது கடமை.

வாசல் எங்கே

சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதிப்பதாகவும் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் நிற்கின்றன. தெரிந்தே இறங்க வேண்டும்.

வாசல், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். என்றால் எல்லோருக்கும் புரியும். 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும். வங்கிச் சேமிப்புப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்க அரசுக்கும் ரவீந்திரர் பெயரில் ஒரு திறந்தநிலைப் பள்ளிக் குழு உண்டு. மாற்றலாகும் குடும்பத்துக்கு மத்திய நிறுவனமே வசதி.

நாட்டம் வேறுபட்ட பிள்ளைகளுக்கு இதன் பயன் பாடத் தேர்வில் இருக்கிறது. ஐந்து பாடத்தில் தேற வேண்டும். அதில் ஒரு மொழி கட்டாயம், இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். மற்றவை அவரவர் விருப்பம். ஓவியம் ஒரு பாடம். அதில் செய்முறைக்கே பெரும்பங்கு மதிப்பெண். இந்துஸ்தானி இசையும் கர்நாடக இசையும் உண்டு, கணக்குப்பதிவியல் உண்டு, மனையியல் உண்டு. நமக்கு முக்கியமானது, பத்தாம் வகுப்பு மொழிகளில் தமிழும் இருக்கிறது. பள்ளியில் கிடைக்காத தமிழுக்கு இங்கே மதிப்பெண் உண்டு!

ஒன்றை எடுத்தால் ஒன்றை விடவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மொழி இடத்தை ஆங்கிலமும் தமிழும் பிடித்தால் வங்காளமும் இந்தியும் ஐந்துக்குள் வராது. பொறியியல், மருத்துவம் என்ற எண்ணம் இருந்தால் பத்தாம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டு, மேல்நிலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பிள்ளை தடுமாறும். அறிவியல் செய்முறை வகுப்புக்குப் படிப்பு மையத்துக்குப் போகத்தான் வேண்டும். மையத்தின் தரம் மையத்துக்கு மையம் மாறும். சேருமுன் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. அந்தந்த ஆண்டு விவரநூலை வாங்கி ஒருமுறை முழுக்கப் படிப்பது நல்லது. பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி விண்ணப்பம் போடவேண்டாம்.

பேரனுக்கு 14 முடிந்துவிட்டது. அவன் பட்டியல்: கணக்கு, அறிவியல், ஆங்கிலம், தமிழ். ஐந்தாவது இடத்துக்குச் சமூக அறிவியலா, கணினியில் தரவு உள்ளிடும் பாடமா என்று தாயும் மகனும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் பாதை வரைபடம் இருப்பதால் சமூக அறிவியல்தான் வெல்லும் என்று நினைக்கிறேன். தமிழை முதல் தேர்விலேயே எழுதி முடித்துவிட வேண்டும், கடைசியில் வைத்தால் தள்ளிப்போய்விடும் என்பது மட்டும் என் நிபந்தனை, ஒப்புக்கொண்டிருக்கிறான். பேத்தியைக் கேட்டேன். "எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு தாத்தா, இப்பவே ஏன் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு நத்தைக்குக் கீரை பறிக்கப் போய்விட்டாள்.